ஸ்டுடியோவின் பின்கட்டு: வாசகர் கேள்வி – பதில்

பழைய பிரிட்டிஷ் டிவி தொடர்களை யூடியூபில் பார்த்துவிட்டு எழுதுகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். இந்த முறை பழைய வட ஆற்காடு மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களுக்கு மட்டும் பதில்.

தெருக்கூத்துக் கலைஞர், செய்யாறு
கூத்தில் விடிய விடிய ஆடுகிறோம். வரி மறந்தால் பின்பாட்டுக்காரர் அடியெடுத்துக் கொடுப்பார். அதுவும் போனால் கட்டியங்காரன் எதையாவது பேசிச் சமாளிப்பார். லண்டனில் ஒருகாலத்தில் டிவி நாடகமெல்லாம் நேரலையாமே, அங்கே மறந்தால் யார் காப்பாற்றுவது?

அடியெடுத்துக் கொடுக்க அங்கேயும் ஆள் உண்டு. கேமரா கண்ணில் படாத இடத்தில் உதவி மேடை நிர்வாகி ஒருவர் வசனப் பிரதியோடு நின்று, வரி வரியாக விரல் வைத்துத் தொடர்ந்துகொண்டிருப்பார். அவர் கையில் ஒரு பொத்தான். நடிகர் திணறுகிறார் என்று தெரிந்ததும் அதை அழுத்துவார், ஸ்டுடியோ மைக்குகள் ஊமையாகிவிடும். அந்த ஒன்றிரண்டு விநாடிக்குள் வரியைச் சொல்லிவிட்டுப் பொத்தானை விடுவார். வீட்டில் பார்ப்பவருக்குச் சத்தம் அற்றுப்போய்த் திரும்பியது மட்டும்தான் தெரியும். பெட்டியில்தான் கோளாறு என்று நினைத்து நாலு பேராவது அதன் தலையில் தட்டியிருப்பார்கள்.

பொத்தானுக்கு அடங்காத ஆபத்தும் வந்தது. 1958 நவம்பர் 30, 'ஆர்ம்சேர் தியேட்டர்' வரிசையில் 'அண்டர்கிரவுண்ட்' என்ற நாடகம் நேரலையில் போய்க்கொண்டிருந்தது. அணுகுண்டு விழுந்தபின் சுரங்க ரயில் பாதையில் சிக்கியவர்களின் கதை. முக்கிய வேடங்களில் ஒன்றில் நடித்த காரெத் ஜோன்ஸ், இரண்டு காட்சிகளுக்கு நடுவே ஒப்பனைக்குப் போன இடத்தில் மாரடைப்பு வந்து விழுந்து இறந்தார். வயது 33. நாடகத்தை நிறுத்தவில்லை. விளம்பர இடைவேளையில் இயக்குநர் டெட் கோட்செஃப் மிச்சக் கதையை மாற்றி அமைத்தார். இறந்தவரின் வரிகளை மற்றவர்கள் தங்களுக்குள் பங்கு போட்டுப் பேசி முடித்தார்கள். உங்கள் கட்டியங்காரன் செய்யும் வேலைதான், துக்கத்தையும் அடக்கிக்கொண்டு.

வீடியோ டேப் வந்தபிறகும் நிலைமை உடனே மாறிவிடவில்லை. டேப் இரண்டு அங்குல அகலம், விலையோ கொள்ளை. எடிட்டிங் என்றால் நிஜமாகவே வெட்டுதல்: இரும்புத்தூள் கலந்த திரவத்தை டேப்பில் தடவி, காந்தக் கோடுகளை நுண்நோக்கியில் பார்த்து, பிளேடால் அறுத்து ஒட்ட வேண்டும். ஒரு கோடு பிசகினால் படம் உருண்டுவிடும். அதோடு, ஒட்டுப்போட்ட டேப்பை மறுபடி பதிவுக்குப் பயன்படுத்துவதும் சிக்கல். எனவே 1960-களில் முழுக் காட்சியையும் நேரலை போலவே நிறுத்தாமல் எடுத்தார்கள். 'டாக்டர் ஹூ' என்ற அறிவியல் புனைவுத் தொடரின் முதல் டாக்டரான வில்லியம் ஹார்ட்னல் ஒரு காட்சியில் கதிர்வீச்சுத் தடுப்பு மருந்து என்று சொல்ல வேண்டிய இடத்தில் கையுறை என்று சொல்லி, அதே மூச்சில் திருத்திக்கொள்வார். இன்றும் அது அப்படியேதான் இருக்கிறது. வரியை மறப்பது அந்தப் பாத்திரத்தின் குணமோ என்று பார்ப்பவர் எண்ணும்படி சமாளித்தது ஹார்ட்னலின் சாமர்த்தியம்.

கல்லூரி மாணவர், காட்பாடி
வீட்டுக்குள் நடக்கும் காட்சி பளிச்சென்று வழவழப்பாக இருக்கிறது. ஆள் வாசலைத் தாண்டியதும் படம் மங்கி, சினிமா மாதிரி ஆகிவிடுகிறது. அப்லோட் செய்தவர் செய்த குளறுபடியா?

பாவம், அவர்மேல் பழியில்லை. உள்காட்சி ஸ்டுடியோவில் வீடியோ கேமராவில் எடுத்தது, விநாடிக்கு 50 களங்கள், அதாவது அரைப்படங்கள். வெளிக்காட்சி 16 எம்எம் ஃபிலிமில் எடுத்தது, விநாடிக்கு 25 முழுப் படங்கள். அசைவு பாதியாகக் குறைவதால்தான் அந்தச் 'சினிமா' வாடை. ஸ்டுடியோ கேமராவைத் தெருவுக்குக் கொண்டுபோக ஒரு லாரி நிறைய கருவி தேவைப்பட்டது. ஃபிலிம் கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு ஓடலாம். வெளிக்காட்சிகளைச் சில வாரம் முன்பே எடுத்து முடித்துவிடுவார்கள். நடிகர்களுக்கு இதில் ஒரு தலைவலி: கதவைத் திறந்து வெளியே போவது இன்று ஸ்டுடியோவில், அதே ஆள் தெருவில் கால் வைத்தது போன மாதம். தலைமுடி, டையின் முடிச்சு, மூச்சிரைப்பு எல்லாம் பொருந்த வேண்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், குடியாத்தம்
'ஃபால்ட்டி டவர்ஸ்' தொடரில் ஹோட்டல் முதலாளி அந்த ஸ்பெயின் நாட்டு சர்வரை அடிக்கிறாரே, நிஜ அடியா? பார்க்கச் சிரிப்பும் வருகிறது, சங்கடமாகவும் இருக்கிறது.

பெரும்பாலும் பொய்யடி. நிஜமாகப் பட்டதும் உண்டு. அந்த சர்வர் மானுவலாக நடித்த ஆண்ட்ரூ சாக்ஸ் ஸ்பெயின்காரர் அல்ல. 1930-ல் பெர்லினில் பிறந்து, நாஜிகளுக்குத் தப்பி 1938-ல் குடும்பத்தோடு இங்கிலாந்து வந்தவர். தனக்கு ஜெர்மன் உச்சரிப்புதான் சரளம், சர்வரை ஜெர்மன்காரனாக்கலாமா என்றுகூடக் கேட்டுப் பார்த்தார். கல்யாண விருந்தினர் வரும் எபிசோடில், முதலாளியாக நடித்த ஜான் கிளீஸ் கையில் இருந்தது ரப்பர் பூசிய பொய்ச் சட்டியல்ல, அசல் உலோகச் சட்டி. அது தலையில் இறங்கியது.

அதைவிட மோசம் 1975-ல் வந்த 'தி ஜெர்மன்ஸ்'. சமையலறை தீப்பிடித்து, சட்டையில் புகை கிளம்ப மானுவல் ஓடிவர வேண்டும். கோட்டில் புகை வரவழைக்க ரசாயனம் தடவினார்கள். அமிலம் துணியை ஊடுருவித் தோலுக்கு இறங்கி, முதுகிலும் கையிலும் இரண்டாம் நிலைத் தீக்காயம். பிபிசி கொடுத்த இழப்பீடு 700 பவுண்டு. இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு ஆண்டுவிழாவில் செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு: உடம்பில் இருக்கும் துணியில் எந்த ரசாயனமும் தடவாதீர்கள். ஆளுக்குப் பின்னால் புகை இயந்திரத்தை வைத்து, அவர் புகைக்குள்ளிருந்து வெளியே ஓடிவந்தால் போதும், பார்ப்பவர் கண் மிச்சத்தை நிரப்பிக்கொள்ளும்.

பொய்யடியின் நுட்பத்தையும் சொல்லிவிடுகிறோம். அடிப்பவரின் கை பாதி தூரத்தில் நின்றுவிட வேண்டும். வேகத்தைக் காட்டுவது அடி வாங்குபவரின் தலை. இரண்டுக்கும் நடுவே கால் விநாடி இடைவெளி விழுந்தாலும் ஏமாற்று வெளியே தெரிந்துவிடும், முன்கூட்டித் தலை திரும்பினால் இன்னும் கேவலம். கிளீஸும் சாக்ஸும் இதை எண்ணிக்கை வைத்து, நடன அசைவு மாதிரிப் பயின்றார்கள். கார் ஒன்றை மரக்கிளையால் விளாசும் காட்சி நினைவிருக்கும். விறைப்பான கிளை சிரிப்பு தரவில்லை, துவண்ட கிளையும் தரவில்லை. நுனி மட்டும் வளைகிற கிளை கிடைக்கும்வரை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள்.

மொத்தமே 12 எபிசோடுகள்தான், 1975-ல் ஆறு, 1979-ல் ஆறு. கிளீஸும் கோனி பூத்தும் சேர்ந்து எழுதினார்கள். அரை மணி நேர காமெடிக்கு வழக்கமாக 65 பக்கம் என்றால் தங்களுடையது 135-ஐத் தாண்டும் என்பது கிளீஸ் சொன்ன கணக்கு. இவ்வளவையும் ஒரு வாரத்துக்குள் ஒத்திகை பார்த்து ஒரே மாலையில் பதிவு செய்தார்கள். பிபிசி ஒத்திகை அறையில் செட் இருக்காது. தரையில் வண்ண டேப் ஒட்டிச் சுவர்களைக் காட்டுவார்கள், கதவு இருக்கும் இடத்தில் இரண்டு கம்பம். பதிவு நாளன்று இரவு 10 மணிக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள். தாண்டினால் ஊழியர்களுக்கு ஓவர்டைம். மணி 9.50, இன்னும் இரண்டு காட்சி பாக்கி என்ற நிலையில் வசனம் எப்படி அவ்வளவு வேகமாக வருகிறது என்று இனி யோசிக்க வேண்டியதில்லை.

நாடகக் குழுவினர், சத்துவாச்சாரி
கிறிஸ்துமஸ் நாடகத்தில் தலையில் பாட்டில் உடைக்கும் காட்சி இருக்கிறது. அந்தக் காலத்தில் எப்படிச் செய்தார்கள்? நாங்களே செய்ய முடியுமா?

முடியும். சர்க்கரைக் கண்ணாடி என்பார்கள். பின்னாளில் நொறுங்கும் ரெசின் வந்து அதன் இடத்தைப் பிடித்தது. உங்களுக்குச் சர்க்கரையே போதும்.

சர்க்கரை 700 கிராம், தண்ணீர் அரை லிட்டர், லிக்விட் குளுக்கோஸ் 300 கிராம். குளுக்கோஸை வேலூர் லாங் பஜார் பக்கம் பேக்கரிச் சாமான் விற்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அதை விட்டுவிட்டுச் செய்யாதீர்கள். அது இல்லையென்றால் பாகு பூத்துக் கற்கண்டாகிவிடும். மூன்றையும் கனமான பாத்திரத்தில் போட்டு, சர்க்கரை கரையும்வரை மட்டும் கிளறுங்கள். கொதி வந்தபிறகு கரண்டி உள்ளே போகக் கூடாது. ஓரங்களில் ஒட்டும் சர்க்கரைப் பரலை ஈரத் தூரிகையால் கீழே தள்ளுங்கள். மிதமான தீயில் 150 டிகிரி செல்சியஸ் வரும்வரை வைக்க வேண்டும், முக்கால் மணி நேரமாவது பிடிக்கும். மிட்டாய்த் தெர்மாமீட்டர் இல்லையா? ஒரு சொட்டைக் குளிர்ந்த நீரில் விடுங்கள். எடுத்து வளைத்தால் வளையாமல் 'டக்'கென்று உடைய வேண்டும். வளைந்தால் இன்னும் ஐந்து டிகிரி போக வேண்டும். 160-ஐத் தாண்டினால் பழுப்பேறும். பீர் பாட்டில் வேண்டுமென்றால் அந்த நிறம் நல்லதே.

அச்சு சிலிக்கோனில், இரண்டு பாதியாகப் பிரிகிற மாதிரி இருக்க வேண்டும். பாகின் கொதிப்பு அடங்கியதும் அச்சு நிறைய ஊற்றி, ஓரம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இறுகியதும் மிச்சத்தைக் கவிழ்த்து வெளியேற்றுங்கள். அடிப்பாகம் தடித்துவிட்டால் அந்தப் பாட்டில் குப்பைக்குத்தான், அது உடையாது, மண்டையைப் பிளக்கும். 150 டிகிரிப் பாகு தோலில் ஒட்டினால் உதறினாலும் போகாது. பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் கட்டாயம், சிறுவர்களைச் சமையலறைக்குள் விடாதீர்கள்.

பலரும் தோற்பது இதற்குப் பிறகுதான். சர்க்கரைக் கண்ணாடி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டிசம்பரில் மழை ஓயாத ஒரு நாள் என்றால் மாலைக்குள் பிசுபிசுத்து, அடித்தால் நசுங்கும். ஃப்ரிஜ்ஜில் வைத்தால் வெளியே எடுத்ததும் வியர்த்துக் கெடும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்து, செய்த அன்றே பயன்படுத்துங்கள். ஒரு காட்சிக்கு நான்கு பாட்டில் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: ஒத்திகைக்கு இரண்டு, கை நழுவி உடைய ஒன்று, மேடைக்கு ஒன்று. பாட்டிலின் பக்கவாட்டால், விக் வைத்த தலையின் பின்புறச் சரிவில் அடிக்க வேண்டும். அடி வாங்குபவர் கண்ணை மூடிக்கொள்வார். சில்லுகள் தோலைக் கீறும், ஆகவே மேடையில் யாரும் வெறுங்காலில் வேண்டாம்.

பட்டு நெசவாளர், ஆரணி
'டாக்டர் ஹூ'வில் டாம் பேக்கர் போட்டுக்கொள்ளும் கழுத்துத் துண்டு ஏன் அவ்வளவு நீளம்? அந்த நீளத்துக்கு நூல் கணக்குப் போட்டவர் யார்?

கணக்கே போடவில்லை, அதுதான் சங்கதி. உடை வடிவமைப்பாளர் ஜேம்ஸ் ஏச்சசன் 1974-ல் பல வண்ணக் கம்பளி நூலை மொத்தமாக வாங்கி, பின்னுகிறவரிடம் கொடுத்து ஒரு துண்டு கேட்டார். பிகோனியா போப் என்ற அந்த அம்மையார் கொடுத்த நூல் முழுவதையும் பின்னி முடித்துவிட்டார். போட்டுப் பார்த்த பேக்கருக்குப் பிடித்துவிட்டது. தறியில் நெய்த துணியாக இருந்தால் நீளம் மாறாது. இது ஊசிப் பின்னல், தொங்கத் தொங்கத் தன் எடையிலேயே நீளும். எனவே பழைய படங்களை வைத்து அளவெடுப்பவர்கள் ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்வார்கள்.

பள்ளி மாணவி, ஆம்பூர்
அதே தொடரில் வரும் டாலெக் ரோபோவுக்குள் மோட்டார் இருந்ததா? டாக்டர் பயணம் செய்யும் அந்த நீலப் பெட்டி மறையும்போது வரும் சத்தம் எந்தக் கருவி?

மோட்டார் இல்லை. உள்ளே ஓர் ஆள், சின்ன இருக்கையில் உட்கார்ந்து காலால் தரையை உந்தி நகர்வார், அடியில் சக்கரங்கள். ஒரு கையில் கண் தண்டு, மற்ற கையில் ஆயுதம். குரல் அவருடையது அல்ல. பீட்டர் ஹாக்கின்ஸ், டேவிட் கிரகாம் இருவரும் தனியே மைக்கில் பேச, அந்தக் குரல் ரிங் மாடுலேட்டர் என்ற மின்னணுக் கருவி வழியே 30 ஹெர்ட்ஸ் அதிர்வோடு கலந்து கரகரக்கும். தலைமேல் விளக்குகள் வசனத்தோடு மின்ன வேண்டுமே, அந்தப் பொறுப்பு உள்ளே இருப்பவருக்கு. ஆகவே பேசாத அவரும் வசனத்தை மனப்பாடம் செய்தார். முதல் கதைக்குச் செய்தவை நான்கே நான்கு. கூட்டம் காட்டப் பின்னால் பெரிய புகைப்படங்களை நிறுத்தினார்கள். வடிவமைத்த ரேமண்ட் குசிக் பிபிசி சம்பளக்காரர் என்பதால், பொம்மை விற்பனையில் கொட்டிய பணத்தில் அவருக்கு ராயல்டி கிடையாது. இது அநியாயம் என்றே சொல்வோம். இன்னொரு செய்தி உங்களுக்குப் பிடிக்கும்: 1963 நவம்பர் 23-ல் ஒளிபரப்பான முதல் எபிசோடை இயக்கிய வாரிஸ் ஹுசேன் லக்னோவில் பிறந்தவர்.

சத்தம்: பிரையன் ஹாட்ஜ்சன் பழைய பியானோவின் தடித்த கம்பியில் வீட்டுச் சாவியை நீளவாக்கில் உரசிப் பதிவு செய்து, வேகத்தை மாற்றி, பின்னோக்கி ஓட்டி, எதிரொலி சேர்த்தார். நீங்களும் செய்து பார்க்கலாம். கிதாரின் ஆறாவது கம்பி, அதாவது சுருள் சுற்றிய தடித்த கம்பி போதும். சாவியின் பல்லை அதில் வைத்து மூன்று விநாடி மெதுவாக இழுங்கள். போனை ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பதியுங்கள். பிறகு எடிட்டிங் ஆப்பில் பாதி வேகம், ரிவர்ஸ், எக்கோ. வேகமாக இழுத்தால் வெறும் கீச்சுதான் வரும். சுருள் தேயும், அதனால் பழைய கம்பியில் செய்யுங்கள். சர்ச் பியானோவைத் தொடாதீர்கள்.

மளிகைக் கடைக்காரர், வாலாஜாபேட்டை
'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிடிக்கும். அந்த வகுப்பிலிருக்கும் இந்தியர்கள் நிஜ இந்தியர்களா?

துணைக்கண்டத்தில் பிறந்தவர்கள்தான். ரஞ்சித் சிங் வேடத்தில் வரும் ஆல்பர்ட் மோசஸ் இலங்கையின் கம்பளையில் பிறந்தவர், சீக்கியர் அல்ல. ஜமீலாவாக வரும் ஜமீலா மாசி சிம்லாவில் பிறந்தவர். அலியாக வரும் டினோ ஷஃபீக் டாக்காவில். 1977 டிசம்பரில் தொடங்கி 1979 வரை 29 எபிசோடுகள். நல்ல கூட்டம் இருக்கும்போதே நிறுத்தியது அதைத் தயாரித்த எல்டபிள்யூடி தொலைக்காட்சி நிறுவனத்தின் மைக்கேல் கிரேட். நாட்டுக்கு ஒரு கேலிச்சித்திரம் என்ற அந்த நகைச்சுவை அவருக்கு உறுத்தியது. அந்த உறுத்தல் நியாயமானதே. ஆனாலும் ஒரே அறையில் இத்தனை ஆசிய நடிகர்களுக்கு வாராவாரம் வேலை கொடுத்த தொடர் அன்று வேறு எத்தனை இருந்தது? மகாராஷ்டிரத்தின் தேவலாலி ராணுவ முகாமில் நடப்பதாக வந்த பிபிசியின் 'இட் எயின்ட் ஹாஃப் ஹாட் மம்' தொடரில் இந்தியப் பணியாள் வேடத்தை மைக்கேல் பேட்ஸ் என்ற வெள்ளையர் முகத்தில் பழுப்புச் சாயம் பூசி நடித்தார். அவர் ஜான்சியில் பிறந்து உருது பேசி வளர்ந்தவர் என்பது உண்மை. அதற்காகச் சாயம் சரியாகிவிடாது. பிபிசி இப்போது அதை மறுஒளிபரப்பு செய்வதில்லை.

ரீல்ஸ் போடும் இளைஞர், வாணியம்பாடி
'ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்சஸ்' தொடரில் பாரில் சாய்ந்து நின்றவர் அப்படியே விழுவாரே, அதைச் செய்ய டிப்ஸ்?

1989 ஜனவரியில் வந்த காட்சி. எழுத்தாளர் ஜான் சல்லிவன் நேரில் கண்டது ஒருவர் தடுமாறி, சமாளித்து நின்றதை. முழுதாக விழ வேண்டும் என்றவர் அந்த வேடத்தில் நடித்த டேவிட் ஜேசன். கஷ்டம் விழுவதில் இல்லை. விழப்போகும் பக்கம் பார்க்காமல், கையை ஊன்றாமல், முழங்காலை மடக்காமல் விழுவதில்தான். உடம்பு இவை மூன்றையும் தானாகச் செய்யப் பார்க்கும்.

கேமரா இடுப்புக்கு மேல் மட்டும் பார்க்கட்டும். சட்டகத்துக்குக் கீழே இரண்டு மெத்தை ஒன்றன்மேல் ஒன்று, ஓரங்களில் தலையணை. முதலில் மெத்தைமேல் மண்டியிட்டபடி பக்கவாட்டில் விழுந்து பழகுங்கள், பிறகு நின்றபடி. கண் எதிரே இருப்பவர்மேல் இருக்கட்டும். முகம் சட்டகத்தை விட்டு மறைந்ததும் தாடையை நெஞ்சுப் பக்கம் இழுத்து, மூச்சை விட்டு, தோள் முழுவதும் ஒரே நேரத்தில் மெத்தையில் படும்படி இறங்குங்கள். நீட்டிய கையை ஊன்றினால் மணிக்கட்டு போய்விடும், பிறகு ரீல்ஸை சிஎம்சி ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்துதான் எடிட் செய்ய வேண்டிவரும். பக்கத்தில் நிற்பவர் நீங்கள் விழுந்ததைப் பார்க்கவே கூடாது. அந்தக் காட்சியில் பக்கத்தில் நிற்கும் டிரிக்கர் திரும்பிப் பார்த்து ஆளைக் காணாமல் விழிப்பதில்தான் பாதிச் சிரிப்பு.

இல்லத்தரசி, திருப்பத்தூர்
பின்னால் கேட்கும் சிரிப்பெல்லாம் டேப்பில் போட்டதுதானே?

பெரும்பாலும் நிஜச் சிரிப்பு. ஸ்டுடியோவில் சுமார் 300 பேர் உட்கார்ந்திருப்பார்கள், தலைக்கு மேல் மைக்குகள் தொங்கும். வெளியே எடுத்த ஃபிலிமை மானிட்டரில் போட்டுக் காட்டி அதற்கான சிரிப்பையும் பிடிப்பார்கள். 'மிஸ்டர் பீன்' தெருக்காட்சிகளுக்குச் சிரிப்பு வந்ததும் இப்படித்தான். நடிகருக்குத் தெரிய வேண்டிய வித்தை, அலை எப்போது இறங்குகிறது என்பது. முழுதாக அடங்கும்வரை காத்தால் தொய்வு. உச்சத்தில் பேசினால் அடுத்த வரியைக் கேட்பதற்காகக் கூட்டம் சிரிப்பை விழுங்கிவிடும். பாதி இறங்கும்போது பேச வேண்டும்.

1971 கிறிஸ்துமஸுக்கு நகைச்சுவை இரட்டையர் எரிக் மோர்கம், எர்னி வைஸ் நிகழ்ச்சிக்கு இசை நடத்துநர் ஆந்த்ரே பிரெவின் வந்தார். தாயாருக்கு உடல்நலமில்லாததால் ஒத்திகைக்கு நேரமில்லை. விமான நிலையத்திலிருந்து வரும் டாக்சியில் டார்ச் வெளிச்சத்தில் வசனம் படித்தார். எரிக்குக் கவலை. பதிவில் பிரெவின், என் கோலை எடுத்துவருகிறேன் என்று சொல்லி ஒரு துளி நிறுத்தி, அது சிகாகோவில் இருக்கிறது என்று சிரிக்காமல் சேர்த்தார். கூட்டம் வெடித்தது. எரிக் காற்றில் ஒரு குத்துவிடுவதை உற்றுப் பார்த்தால் காணலாம்.

பழைய சாமான் வியாபாரி, போளூர்
நிறைய எபிசோடுகள் தொலைந்துவிட்டன என்கிறார்களே. எங்காவது பழைய ஃபிலிம் சுருள் கிடைத்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

டேப் விலை அதிகம், மறுஒளிபரப்புக்கு நடிகர் சங்க ஒப்பந்தம் தடை. ஆகவே அழித்து அழித்து மேலே வேறு நிகழ்ச்சி பதிந்தார்கள். 1978-ல்தான் பிபிசி இதை நிறுத்திப் பாதுகாக்கத் தொடங்கியது. 'டாட்ஸ் ஆர்மி'யின் 80 எபிசோடுகளில் மூன்று இன்றும் இல்லை. 'டாக்டர் ஹூ'வில் 90-க்கும் மேல். வெளிநாட்டு விற்பனைக்காக 16 எம்எம் ஃபிலிமில் எடுத்த பிரதிகள்தான் நம்பிக்கை: 1990-களின் தொடக்கத்தில் ஹாங்காங்கிலிருந்து ஒரு முழுக்கதை வந்தது, 2013-ல் நைஜீரியாவிலிருந்து ஒன்பது எபிசோடுகள்.

கையில் சுருள் கிடைத்தால் அகலத்தை அளந்து பாருங்கள், 16 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். 25 நிமிட எபிசோடு சுமார் 940 அடி ஓடும். ஒரு ஓரத்தில் துளைகள், மறு ஓரத்தில் ஒலிக்கான அலைக்கோடு. டப்பாவைத் திறந்ததும் புளித்த காடி வாடை அடித்தால் ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது. மற்றவற்றோடு சேர்த்து வைத்தால் அவையும் கெடும். புரொஜெக்டரில் ஓட்டிப் பார்க்காதீர்கள், சுருங்கிய ஃபிலிமின் துளைகள் பல்லில் மாட்டிக் கிழியும். முதல் சில அடிகளைக் கையுறையோடு வெளிச்சத்தில் பிடித்து, தலைப்பு எழுத்தை மட்டும் லென்ஸால் படியுங்கள். தகரக் கொட்டகையில் வைத்தால் ஒரு சித்திரை வெயில் போதும், கதை முடிந்துவிடும். வீட்டின் குளிர்ந்த, உலர்ந்த அறையில், மூடியைச் சற்றுத் தளர்த்தி, படுக்கை வாக்கில் வையுங்கள். தலைப்பைப் படமெடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். அதுவரை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.